டால்பின், ஆமை, பாறை முகடு எல்லாம் ஒரே நாளில்: நெல்லையிலிருந்து கைடோடு போவது தேறுமா?

பாளை மலர்:

எல்லோருக்கும் வணக்கம். பொங்கல் லீவுக்குச் சென்னையிலிருந்து நாத்தனார் குடும்பம் வருகிறது. பிள்ளைகள் இரண்டும் எந்நேரமும் விலங்கு வீடியோ பார்க்கிற ரகம். ஒவ்வொரு தடவையும் குற்றாலம், பாபநாசம் என்று காட்டி அலுத்துவிட்டது, இந்த முறை கடல் பக்கம் போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே வாட்ஸ்அப்பில் ஒரு டிராவல்ஸ்காரர் விளம்பரம் வந்து விழுந்தது. "கடலோர வனவிலங்கு மற்றும் பாறை முகடு சுற்றுலா", ஒரு நாள், வேன், கைடு, மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்துத் தலைக்கு 1,900 ரூபாய். காலை எட்டு மணிக்கு வண்ணாரப்பேட்டையில் ஏற்றி, கூந்தன்குளம், உவரி, மணப்பாடு, திருச்செந்தூர் காட்டிவிட்டு இரவு எட்டு மணிக்கு இறக்கிவிடுகிறார்களாம். டால்பின் பார்க்கப் படகு உண்டு, ஆமை முட்டையிடும் கடற்கரை உண்டு, "கடலுக்கு மேல் தொங்கும் முகடுகள்" உண்டு என்று போட்டிருக்கிறது. படத்தைப் பார்த்தால் நம் ஊர் மாதிரியே இல்லை, ஏதோ வெளிநாடு.

யாராவது இந்த மாதிரி போயிருக்கிறீர்களா? டால்பின் நிஜமாகவே தெரியுமா? மாமியாருக்கு முட்டு வலி, மணப்பாட்டுக் குன்றில் ஏறிவிடுவார்களா? இல்லை, கைடும் வேண்டாம் வேனும் வேண்டாம் என்று நாங்களே காரில் போய்விடலாமா?

குளத்தங்கரை:

எட்டு மணிக்குக் கிளம்புகிற வண்டியில் பறவை பார்க்கப் போகாதீர்கள். அந்த ஒரு வரியிலேயே விளம்பரம் போட்டவருக்குப் பறவையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று தெரிந்துவிடுகிறது. எட்டுக்கு ஏற்றி, ஜங்ஷனில் ஒரு டீ, மூலைக்கரைப்பட்டியில் ஒரு டீ என்று போய்ச் சேரும்போது பத்தாகிவிடும், வெயில் ஏறிவிடும், இரை தேடப் போனது போக மிச்சம் இருப்பது மரத்தில் அசையாமல் நிற்கும். விடியும்போது குளக்கரையில் நிற்க வேண்டும். பாளையிலிருந்து ஐந்தரைக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும்.

கூந்தன்குளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பட்டியலில் உறுதியாகக் காட்டக்கூடிய வனவிலங்கு என்றால் அது இந்த ஊரில்தான் இருக்கிறது. 1994-இல் சரணாலயமாக அறிவித்தார்கள், 2022-இல் ராம்சார் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த செய்தி வந்தது. ஆனால் அதற்கெல்லாம் பல தலைமுறை முன்பே ஊர்க்காரர்கள் பறவைகளைத் தங்கள் வீட்டு ஆள் மாதிரி வைத்துக்கொண்டார்கள். தீபாவளிக்கு வெடி போடுவதில்லை, கொட்டு மேளச் சத்தத்தையும் அடக்கியே வைப்பார்கள். பறவை எச்சம் கலந்த குளத்துத் தண்ணீரும் வண்டலும் வயலுக்கு உரமாகப் போகிறது, அதனால் பறவைக்கும் லாபம், சம்சாரிக்கும் லாபம்.

பொங்கல் சமயத்தில் வரித்தலை வாத்து (இமயமலையைத் தாண்டி வருகிற ஆள் இவர்தான், கழுத்துக்கு மேலே தலையில் இரண்டு கறுப்புக் கோடு இருக்கும், பிள்ளைகளை அதைத் தேடச் சொல்லுங்கள்), கரண்டிவாயன், கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை எல்லாம் இருக்கும். பூநாரை சில வருடம் கூட்டமாக நிற்கும், சில வருடம் எட்டிப் பார்க்காது. முக்கியமான விஷயம், குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மணிமுத்தாறு அணைத் தண்ணீர் கால்வாய் வழியாக வந்தால்தான் இந்தக் குளம் பெருகும். வடகிழக்குப் பருவமழை ஏமாற்றின வருடத்தில் போனால் கருவேல மரமும் கட்டாந்தரையும்தான்.

மார்ச், ஏப்ரலில் இன்னொரு தடவை கூட்டிக்கொண்டு போங்கள். அப்போது தெருவிலேயே கூடு இருக்கும். வீட்டு வாசலில் நிற்கிற மரத்தில் நாரை குஞ்சு பொரித்து வைத்திருக்கும், தாய் கொண்டு வந்த கெண்டை பாதி வழியில் தவறி முற்றத்தில் விழும், அதைப் பூனை தூக்கிக்கொண்டு ஓடும், அந்த வீட்டு ஆச்சி வாசலில் வெள்ளையாகக் கிடக்கிற எச்சத்தை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டே உங்களிடம் பேசுவார். வாடை பயங்கரமாக இருக்கும், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. சென்னைப் பிள்ளைகள் மூக்கைப் பொத்தும், கொஞ்ச நேரத்தில் பழகிவிடும்.

கைடு என்று தனியாக வேண்டியதில்லை. அங்கே இருக்கிற வனத்துறைக் காவலரிடமோ ஊர்க்காரரிடமோ மரியாதையாகக் கேட்டால் எந்தக் கரையில் எது நிற்கிறது என்று காட்டிக்கொடுப்பார்கள். அவர்களுக்கு ஏதாவது கொடுத்துவிட்டு வாருங்கள். ஒரு பைனாகுலர் மட்டும் கடன் வாங்கியாவது எடுத்துப் போங்கள், அது இல்லாமல் போனால் எல்லாம் வெள்ளைப் புள்ளிதான்.

கடற்கரைக்காரன்:

நான் உவரி பக்கம். நேராகவே சொல்கிறேன், அந்தப் படகில் ஏறாதீர்கள் அக்கா.

இந்தக் கரையில் டால்பின் காட்டுவதற்கென்று உரிமம் வாங்கி ஓடுகிற படகு எதையும் நான் பார்த்ததில்லை. அவர்கள் சொல்கிற படகு யாராவது ஒருவருடைய ஃபைபர் வள்ளமாகத்தான் இருக்கும். அது மீன் பிடிக்கிற வள்ளம். வலை கிடக்கிற இடத்தில் ஆளை உட்கார வைப்பார்கள், லைஃப் ஜாக்கெட் இருக்காது, இருந்தாலும் பிள்ளைகள் அளவுக்கு இருக்காது. 2017 பிப்ரவரியில் மணப்பாட்டில் சும்மா கடலைச் சுற்றிப் பார்க்கப் போன மீன்பிடிப் படகு கவிழ்ந்து, பெண்களும் பிள்ளைகளுமாக எத்தனை பேர் போனார்கள் என்று இங்கே இருக்கிற எவரும் மறக்கவில்லை. எங்கள் ஆட்கள் கடலுக்குப் பழகியவர்கள்தான், ஆனால் நிற்கத் தெரியாத பத்துப் பேர் ஒரே பக்கம் எழுந்து "அதோ அதோ" என்று கை காட்டினால் எந்த வள்ளமும் சாயும்.

டால்பின் உண்டா என்றால் உண்டு. நாங்கள் ஓங்கில் என்போம். சாளைக் கூட்டம் கரையை ஒட்டி வரும்போது பின்னாலேயே வரும், வலையைக் கிழித்து எங்கள் வயிற்றில் அடிக்கவும் செய்யும். கடல் தெளிந்து கிடக்கிற காலை நேரத்தில் மணப்பாட்டுக் குன்றின் மேல் நின்று பொறுமையாகப் பார்த்தால் முதுகுத் துடுப்பு தெரிய வாய்ப்பு இருக்கிறது. வாய்ப்புதான். "கண்டிப்பாகக் காட்டுவோம்" என்று காசு வாங்குகிறவன் பொய் சொல்கிறான், அவ்வளவுதான். வாடைக்காற்று எழும்பி அலை நுரைத்துக் கிடந்தால் யானையே நீந்தினாலும் தெரியாது.

ஆமை விஷயம் இன்னும் வேடிக்கை. பங்குனி ஆமை கரை ஏறி முட்டையிடுவது ராத்திரியில். மார்கழி, தையில் தொடங்கிப் பங்குனி வரை வரும். ஒரு குழியில் நூறு முட்டை அளவுக்கு இட்டு, மண்ணை மூடி, மார்பால் அமுக்கிவிட்டுத் திரும்பிப் போய்விடும். பகல் சுற்றுலாவில் அதை எப்படிக் காட்டுவார்கள்? வனத்துறைக்காரர்கள் அந்த முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்து வைக்கிறார்கள், ஏறத்தாழ 45 முதல் 60 நாளில் குஞ்சு வரும், அதை அதிகாலையிலோ சாயங்காலமோ கடலில் விடுவார்கள். அதைப் பார்க்க ஆசை இருந்தால் பிப்ரவரி கடைசியிலிருந்து மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள், அதற்கு டிராவல்ஸ் தேவையே இல்லை. அந்த நேரத்தில் செல்போன் டார்ச் அடிக்கக்கூடாது, குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்துக் கரைப் பக்கமே திரும்பிவிடும்.

பெரிய உயிர்கள் தானாக வந்த கதையும் இங்கே உண்டு. 2016 ஜனவரியில் திருச்செந்தூருக்கும் மணப்பாட்டுக்கும் இடைப்பட்ட கரையில் 80-க்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் வந்து ஒதுங்கின, குட்டைத் துடுப்புள்ள வகை. எங்கள் ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, தள்ளித் தள்ளி ஆழத்துக்குக் கொண்டு போய் விட்டார்கள். விட விட அவை திரும்பக் கரைக்கே வந்தன. 1973-லும் இப்படி ஒரு தடவை நடந்தது என்று எங்கள் தாத்தா காலத்து ஆட்கள் அப்போது பேசிக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கு இதை அந்தக் கரையில் வைத்துச் சொல்லுங்கள்.

மேலப்பாளையம் ரஃபி:

சென்ற வருடம் இதே மாதிரி ஒரு பேக்கேஜில் குடும்பத்தோடு போனோம், எந்தக் கம்பெனி என்று இங்கே எழுதப் போவதில்லை. கைடு என்று வந்தவர் டிரைவருடைய மச்சான். கூந்தன்குளத்தில் வேனின் கதவைத் திறந்து வைத்துக் குத்துப்பாட்டு ஓட விட்டார்கள், ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து சத்தம் போட்ட பிறகுதான் நிறுத்தினார்கள், எங்களுக்குத்தான் வெட்கமாகப் போயிற்று. எல்லா நாரையையும் "வெளிநாட்டுக் கொக்கு" என்று ஒரே பெயரில் முடித்துவிட்டார். மணப்பாட்டில் அரை மணி நேரம், சிப்பிக் கடையில் முக்கால் மணி நேரம், கணக்குப் புரிகிறதா? அந்தக் கடையில் பவளத் துண்டு விற்றால் தயவுசெய்து வாங்காதீர்கள். பவளம் 1972-ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது, கையில் வைத்திருந்தாலே கேஸ்.

ஆனால் சாப்பாடு நன்றாக இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். வஞ்சிரம் பொரித்தது.

பாளை மலர்:

ரொம்ப நன்றி. படகு கிடையாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன், நாத்தனார் வீட்டுக்காரருக்குத்தான் முகம் தொங்கிவிட்டது. டிராவல்ஸ்காரருக்குப் போன் செய்து "படகுக்கு உரிமம் இருக்கிறதா" என்று கேட்டேன், "அதெல்லாம் பார்த்துக்கலாம் மேடம்" என்றார். அதோடு அந்தக் கதை முடிந்தது.

அப்போ நாங்களே காரில் போகிறோம். ஆனால் பாறை முகடு விஷயத்தை யாரும் சொல்லவில்லையே? மாமியார் முட்டு?

தேரிமண்:

முகடு விஷயத்துக்கு நான் வருகிறேன், உடன்குடிதான் சொந்த ஊர்.

அந்த விளம்பரத்தில் இருக்கிற படத்தை மறந்துவிடுங்கள். நம் கரை தட்டைக் கரை. தென்னை உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கிற முகடெல்லாம் இங்கே கிடையாது. மணப்பாட்டில் இருப்பது கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிற ஒரு மணற்குன்று. மேலே திருச்சிலுவைக் கோயில், கலங்கரை விளக்கம், கீழே கடல் பக்கத்தில் புனித சவேரியார் தங்கின குகை. அவர் இந்த முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்தது 1542-இல். குன்று சின்னதுதான், ஆனால் அதன் கடல் பக்கத்து முகத்தைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். பழைய காலத்துக் காற்று கொண்டு வந்து குவித்த மணல், சிப்பிச் சுண்ணாம்பு இறுகிக் கல்லாகிக் கிடக்கிறது. சாய்வு சாய்வாக அடுக்கு தெரியும், ஒரு அடுக்கு வலப் பக்கம் சாய்ந்தால் அதற்கு மேல் இருப்பது வேறு பக்கம் சாயும், அன்றைக்குக் காற்று திரும்பின திசை அப்படியே பதிந்து கிடக்கிறது. விரலால் தேய்த்தால் மணல் உதிரும். கீழே அலை தின்று தின்று குடைந்துவிட்டதால் சில இடத்தில் மேல்பகுதி கூரை மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும், அதன் அடியில் போய் உட்கார்ந்து போட்டோ எடுக்கிற வேலை மட்டும் வேண்டாம், எப்போது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தண்ணீர் வற்றுகிற நேரமாக இருந்தால் கீழே பாறைக் குழிகளில் தண்ணீர் தேங்கி நிற்கும். பிள்ளைகளுக்கு டால்பினைவிட அது பிடிக்கும் என்று அடித்துச் சொல்வேன். கொட்டலசு (ஓடு போர்த்திய சின்ன உயிர்) கல்லில் ஒட்டிக்கிடக்கும், சின்ன நண்டு பக்கவாட்டில் ஓடி ஒளியும், விரல் நீள மீன் ஒன்றிரண்டு அகப்பட்டுக்கொண்டு அடுத்த அலைக்குக் காத்திருக்கும். நம் பக்கம் ஏற்ற வற்றம் பெரிதாகக் கிடையாது, ஒரு மீட்டர்கூட வராது, அதனால் கடல் கிலோமீட்டர் கணக்கில் உள்வாங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கல் வழுக்கும், ரப்பர் செருப்போடு இறங்காதீர்கள், கடலுக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள்.

அத்தைக்கு: கோயில் வரை கார் போகிற பாதை இருக்கிறது, அங்கேயே நிழலில் உட்கார்ந்துகொண்டால் மூன்று பக்கமும் கடல் தெரியும், காற்று அள்ளிக்கொண்டு போகும். குகைக்குப் படி இறங்க வேண்டும், முட்டு வலியோடு அது வேண்டாம். கோயிலுக்குள் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தம் போடாமல் போய் வாருங்கள், பிரார்த்தனை நடந்துகொண்டிருக்கும்.

வழி: கூந்தன்குளம் முடித்து ஒன்பது மணிக்குள் கிளம்பிவிட்டால் இட்டமொழி, திசையன்விளை வழியாக உவரி. அங்கே கப்பல் மாதா கோயிலும் சுயம்புலிங்க சுவாமி கோயிலும் பார்த்துவிட்டு, உச்சி வெயிலில் கடற்கரையில் காயாமல் எங்கேயாவது சாப்பிட்டுவிட்டு, பெரியதாழை வழியாகக் கடலை ஒட்டிய ரோட்டில் மணப்பாடு. மூன்றரை, நான்கு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் போதும், அப்போதுதான் பாறையில் வெயில் சாய்வாக விழுந்து அடுக்கு நன்றாகத் தெரியும். நடுவில் நேரம் கிடந்தால் தேரிக்காட்டுக்குள் ஒரு அரை மணி நேரம் போய் வாருங்கள். அந்தச் சிவப்பு மணலைப் பார்க்காமல் திருநெல்வேலிச் சீமைக் கடற்கரையைப் பார்த்தேன் என்று சொல்லவே கூடாது. மணல் துகளைச் சுற்றி இரும்புத் துரு படிந்ததால்தான் அந்த நிறம், மழைக்குப் பிறகு போனால் ரத்தச் சிவப்பாக இருக்கும். உள்ளே தூரமாக நடக்காதீர்கள், எல்லா மேடும் ஒரே மாதிரி இருக்கும், திசை தப்பிவிடும்.

திரும்பும்போது திருச்செந்தூர் ரோட்டைப் பிடிக்காதீர்கள். மார்கழியிலிருந்து தைப்பூசம் முடிகிற வரை பச்சை வேட்டி, பச்சைச் சேலை கட்டிக்கொண்டு பாதயாத்திரை போகிற கூட்டம் நெல்லை ரோடு முழுக்க இருக்கும், இருட்டில் கார் ஓட்டுகிறவருக்கு அது பெரிய சோதனை. உடன்குடி, சாத்தான்குளம் வழியாக வந்துவிடுங்கள். உடன்குடியில் கருப்பட்டி வாங்கும்போது உடைத்துப் பார்த்து வாங்குங்கள், உள்ளே பளபளவென்று சீனி மாதிரி மின்னினால் அது கலப்படம்.

நாரோயில் மைனா:

செங்குத்தான முகடு பார்த்தே தீர வேண்டும் என்றால் வர்கலா போங்கள். செம்புரைக்கல் முகடு கடலை ஒட்டி நிமிர்ந்து நிற்கும். ஆனால் அது கேரளா, ஒரு ராத்திரி தங்காமல் சரிப்படாது. ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் எங்கள் பக்கத்து முட்டம், நாகர்கோவிலைத் தாண்டி. கறுப்புப் பாறையும் செம்மண் மேடும் கலங்கரை விளக்கமும் ஒரே இடத்தில். குளிக்க மட்டும் இறங்கக்கூடாது, அந்தப் பாறைகளில் நிறையப் பேர் போயிருக்கிறார்கள். வழியில் மணக்குடிப் பொழிமுகத்திலும் சுசீந்திரம் குளத்திலும் பறவை பார்க்கலாம், கூந்தன்குளத்தில் தண்ணீர் இல்லை என்று தெரிந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பாளை மலர்:

இன்னும் இரண்டே கேள்வி. மருமகன் ட்ரோன் கொண்டு வருகிறானாம், மணப்பாட்டில் பறக்க விடலாமா? அப்புறம் தூத்துக்குடி பக்கத்துத் தீவுகளுக்குப் போகலாமா, அங்கே பவளப்பாறை இருக்கிறது என்கிறார்கள்.

கடற்கரைக்காரன்:

ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். ஒரு பக்கம் கூடங்குளம் அணுமின் நிலையம், ஒரு பக்கம் விஜயநாராயணத்தில் கடற்படைத் தளம், மணப்பாட்டுக்குப் பக்கத்திலேயே குலசேகரன்பட்டினத்தில் 2024-இல் அடிக்கல் போட்ட ராக்கெட் ஏவுதளம். ட்ரோனோடு பிடிபட்டால் பொங்கல் போலீஸ் ஸ்டேஷனில்தான்.

தீவு, மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா. 1986-இல் அறிவித்தது, 21 தீவு, அதில் இரண்டு ஏற்கெனவே மூழ்கிவிட்டது, பவளத்தை வெட்டி வெட்டிச் சுண்ணாம்புக்கு அனுப்பினதும் ஒரு காரணம். தூத்துக்குடியில் யாராவது "தீவில் இறக்கிவிடுகிறேன்" என்றால் நம்பாதீர்கள், அனுமதி இல்லாமல் இறங்கக்கூடாது. பவளம் பார்க்க ஆசை என்றால் ராமேஸ்வரம் பக்கம் வனத்துறையே கண்ணாடி அடித்தளப் படகு விடுகிறது, அதில் போங்கள். அது வேறு ஒரு நாள்.

குளத்தங்கரை:

கைடு கைடு என்று கேட்டதால் ஒன்று. ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், மணிமுத்தாற்றில் இருக்கிற அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையத்துக்காரர்கள் 2011-லிருந்து வருடா வருடம் நடத்துகிறார்கள். நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டக் குளங்களில் தன்னார்வலர்கள் குழு குழுவாகப் போய் எண்ணுவார்கள், பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அங்கே பெயர் கொடுத்துப் பாருங்கள், பறவை தெரிந்தவர் பக்கத்திலேயே நின்று சொல்லிக்கொடுப்பார், அதற்கு 1,900 ரூபாய் வேண்டாம்.

அப்புறம், காணும் பொங்கல் அன்று மட்டும் கிளம்பாதீர்கள். அன்றைக்கு மணப்பாட்டில் கார் நிறுத்த இடம் கிடைக்காது.

பாளை மலர்:

காணும் பொங்கலுக்கு மறுநாள்தான் யோசித்திருந்தோம், அது சரிப்படுமா?

தேரிமண்:

சரிப்படும். ஐந்தரைக்குக் கிளம்புங்கள், ஆறரைக்கு இல்லை. சென்னைக்காரர்களை எழுப்புகிற பொறுப்பை அத்தையிடம் கொடுத்துவிடுங்கள்.